பெல்ட்டின் முதுகு

மார்ச் 3, திங்கள்

இன்று எங்கள் பம்பு கம்பெனிக்கு ஒரு கார் வந்தது. மஞ்சள் நிறம். இரண்டு பேர்தான் உட்கார முடியும். லாரியிலிருந்து இறக்கியபோது தரையோடு தரையாகக் கிடந்தது. வார்ப்புப் பிரிவிலிருந்து மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவு வரை எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றோம். விடுவதற்கு வேலையும் அதிகம் இல்லை. பொங்கலுக்குப் பிறகு வாரத்தில் பாதி நாள்தான் உலை பற்றவைக்கிறார்கள்.

கார் எங்கள் முதலாளி ஜெகந்நாதன் சாருடையது. பழைய ஜெர்மன் வண்டி. அதன் வாட்டர் பம்பு ஒழுகுகிறது. இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டைத் தணிக்கிற சின்னப் பம்பு அது. அந்த மாடலுக்கு இப்போது பம்பு செய்வதில்லையாம். வெளிநாட்டில் தேடி எடுத்தாலும் வந்துசேர மாதக்கணக்கில் ஆகுமாம்.

முதலாளி பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"கோயமுத்தூர்ல நின்னுக்கிட்டு ஒரு பம்புக்காக ஜெர்மன்காரன்கிட்டக் கையேந்தறதா? வெளிய தெரிஞ்சா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? நாமளே பண்றோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் நின்று லேசாகத் தட்டினேன்.

23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுகிற ஒரு விழா இருக்கிறது. அதைப் பார்க்கப் புனேயிலிருந்து ஒரு கார் கம்பெனியின் ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் செய்த பம்போடு இந்த வண்டி மலை ஏறிவிட்டால் அவர்களிடம் ஆர்டர் கேட்கலாம் என்று முதலாளி நினைக்கிறார்.

"வண்டி ஏறுச்சுன்னா நாமளும் ஏறுவோம்," என்றார் மேனேஜர் சம்பத் சார். அவர் சிரிக்காமல் சொன்னதால் யாரும் சிரிக்கவில்லை.

பம்பைச் செய்யப்போகிறவர், பல வருஷமாக இங்கே பம்பு செய்கிற மருதாசலம் அண்ணன். அதை ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லப்போகிறவள் நான். டெஸ்ட் பெஞ்ச் என் பொறுப்பு. டிரெய்னியாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. என்னை நிரந்தரம் ஆக்குவார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது இந்த மாதக் கடைசியில் தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

நாங்கள் போவதற்குள் முதலாளியின் டிரைவர் அந்தோணி இன்ஜின் பெல்ட்டைக் கழற்றி, சுருட்டி, டிக்கியில் போட்டுவிட்டிருந்தார். பழைய பம்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தோம்.

தண்ணீரைத் தள்ளுவது உள்ளே இருக்கும் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். அதன் மேல் வளைந்த இறக்கைகள் இருக்க வேண்டும். இதில் இல்லை. பிளாஸ்டிக் இறக்கைகள் சூட்டிலேயே வெந்து வெந்து பொடிந்துவிட்டிருந்தன. மருதாசலம் அண்ணன் விரலால் தொட்டதும் மிச்சமிருந்ததும் முறுக்கு மாதிரி நொறுங்கி விழுந்தது. வட்டத் தட்டு மட்டும் மிஞ்சியது.

"பாரு அம்மிணி. ஜெர்மன்காரனாம். கொழந்தைக்குப் பொம்மை பண்றாப்புல பண்ணி வெச்சிருக்கான்."

பெல்ட் ஓடிப் பம்பைச் சுற்ற வெளியே புல்லி என்கிற சக்கரம் ஒன்று இருக்கிறது. வண்டியில் மற்றப் புல்லிகளில் எல்லாம் வரிவரியாகப் பள்ளம் இருக்கிறது. பம்பின் புல்லி மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். மருதாசலம் அண்ணனிடம் மட்டும் எனக்குக் கேட்க வரும்.

"வரி போடற கூலி மிச்சம்னு விட்டிருப்பான்," என்றார்.

மதியம் வழக்கம்போல் இரண்டு டப்பா கொண்டுவந்திருந்தார். ஒன்று எனக்கு. நான் சேர்ந்த புதிதில் விடுதியில் கட்டிக்கொடுத்த காய்ந்த எலுமிச்சைச் சோற்றை நான் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறார். அவர் மனைவி தனபாக்கியம் அக்காவை நான் பார்த்ததில்லை. அவருடைய அரிசிம்பருப்புச் சோற்றைத் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

பம்பின் உடம்பைப் பழையதைப் பார்த்து அப்படியே அச்செடுத்துவிட்டார்கள். இறக்கைக்குத்தான் பார்க்க ஒன்றும் இல்லை. மருதாசலம் அண்ணன் மரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பென்சிலால் நேராக வளைவு போட்டார். அளவுகோல்கூட எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம் வளைக்கோணும்னு யோசிக்கறயா? கோயில்ல எந்தப் பக்கம் சுத்துவே?"

"வலமாண்ணா."

"பம்பும் அப்படித்தான். இந்தக் கம்பெனில நான் பண்ணின பம்பு அத்தனையும் வலமாத்தான் சுத்துது. இடமாச் சுத்தறது எழவு வீட்டுல."

புனே ஆர்டர் வந்தால் கார் பம்புக்கென்று தனிப் பிரிவு ஆரம்பிப்பார்களாம். அதற்கு அவர்தான் சூப்பர்வைசர் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். "சட்டைப்பையில பேனா வெச்சுக்கலாம் அம்மிணி. இத்தன வருசமா ஸ்க்ரூடிரைவர்தான் குத்திட்டிருக்குது," என்றார்.

விடுதியில் இன்றும் தண்ணீர் இல்லை. ஒரு வாளியில் குளித்து, துவைத்து, அதே தண்ணீரில் தரையையும் துடைத்தேன்.

மார்ச் 12, புதன்

இம்பெல்லர் வார்த்தார்கள். வெண்கலம். முதல் வார்ப்பில் காற்று புகுந்து நடுவில் ஒரு ஓட்டை. இரண்டாவது சுத்தமாக வந்தது. ஓட்டை விழுந்ததை மருதாசலம் அண்ணன் எனக்குக் கொடுத்தார். "மேஜையில காயிதம் பறக்காம வெச்சுக்க. பின்னால பெரிய ஆபீசர் ஆனதுக்கப்பறம், இது யாரு குடுத்ததுன்னு சொல்லு."

பார்க்கப் பூ மாதிரி இருக்கிறது. கையில் எடுத்தால் கனம்.

மார்ச் 15, சனி

பெஞ்சில் ஏற்றி ஓட்டினேன். முதலாளி, சம்பத் சார், வார்ப்புப் பிரிவு ஆட்கள் என்று எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அழுத்தம், அளவு எல்லாம் நாங்கள் வைத்திருந்த கணக்குக்கு மேலேயே இருந்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பி, "உன் பேரென்னம்மா?" என்றார்.

சொன்னேன்.

"சத்தமாச் சொல்லும்மா. பம்பு சத்தத்துல கேக்கல."

பம்பை அப்போது நான் நிறுத்தியிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். "மோகனப்பிரியா சார்," என்று மறுபடியும் சொன்னேன். அவர் சம்பத் சாரிடம், "இந்தப் புள்ளையப் பாத்துக்கங்க," என்றார்.

பாத்துக்கங்க என்றால் நிரந்தரம் என்றுதான் அர்த்தமாம். மருதாசலம் அண்ணன் சொன்னார்.

மார்ச் 18, செவ்வாய்

பம்பை வண்டியில் மாட்டியாயிற்று. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கையை விட இடமே இல்லை. மருதாசலம் அண்ணனுக்கு முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. நான் டார்ச் பிடித்தேன். கடைசி போல்ட் ஏறியதும் அவர் கை கழுவப் போனார். அந்தோணி வந்து பெல்ட்டை மாட்டினார். அப்போதும் நான்தான் டார்ச் பிடித்தேன். மாட்டியதும் மேலே மூடி போட்டுவிட்டார்.

விடுதிக்கு வரும் வழியில் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திக்கொண்டு நடந்தேன். செருப்புத் தைப்பவர் அரச மரத்தடியில் இல்லை. கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். நாளைக்குப் போக வேண்டும்.

மார்ச் 19, புதன்

செருப்பு தைத்தாயிற்று.

அப்பாவிடம் பேசினேன். ஊரில் ரெட்டியார் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அப்பாவின் வேலை. மோட்டார் ஷெட்டிலேயேதான் இருப்பார்.

"அப்பா, லைன்மேன் ஒயர மாத்திக் குடுத்துட்டாருன்னு ஒரு தடவ மோட்டார் தலைகீழாச் சுத்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா. நீ பத்தாவது படிக்கையில."

"அப்பத் தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. ஆட்டுக்குட்டி பேயறாப்ல வந்துச்சு. மோட்டார் பாட்டுக்கு ஓடுது, வாய்க்கா நனையல. ஏன் கேக்குற?"

"சும்மாத்தான்ப்பா."

"வேல நெரந்தரமாயிடுச்சா? ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிப்புட்டேன்."

"மாசக் கடைசில தெரியும்ப்பா."

தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரத்தான் செய்கிறது. கொஞ்சமாவது வருகிறது.

மார்ச் 20, வியாழன்

ஒரு சந்தேகம். எழுதிப் பார்த்தால் தெளியும்.

பெல்ட்டுக்கு இரண்டு பக்கம். உட்பக்கம் வரிகள். வெளிப்பக்கம், அதன் முதுகு, வழவழப்பு. மற்றப் புல்லிகளை வரிப்பக்கம் கவ்விச் சுற்றுகிறது. பம்பின் புல்லியை மட்டும் முதுகால் உரசிச் சுற்றுகிறது. அந்தப் புல்லியில் வரி இல்லாதது அதனால்தான். முதுகு உரசுகிற சக்கரம், வலமாகச் சுற்றும் மற்றச் சக்கரங்களுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படியானால் வண்டியில் அந்தப் பம்பு இடமாகச் சுற்றுகிறது. இறக்கைகள் வலமாகச் சுற்றுவதற்கு வளைத்தவை.

என் பெஞ்சின் மோட்டார் வலமாகத்தான் சுற்றும். எங்கள் பம்புகள் எல்லாமே அப்படி என்பதால் பெஞ்சும் அப்படி. அதனால் அங்கே தண்ணீர் சீறியது.

நான் பார்த்தது டார்ச் வெளிச்சத்தில். சரியாகப் பார்த்தேனா என்று எனக்கே உறுதி இல்லை.

நாளைக்குச் சொல்ல வேண்டியது:

அண்ணா, இறக்கை தப்புப் பக்கம் வளைஞ்சிருக்கு.

(இது வேண்டாம். தப்பு என்ற வார்த்தை வேண்டாம்.)

அண்ணா, பெல்ட் பம்பு மேல எந்தப் பக்கமாப் போகுதுன்னு ஒருதடவ பாக்கலாமா?

(மூடியைக் கழற்ற வேண்டும். எதற்கு என்று எல்லாரும் வந்து நிற்பார்கள்.)

அண்ணா, ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்.

இது சரியாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

வண்டிக்குப் பூஜை. பானெட்டைத் திறந்து வைத்துப் பம்பு இருக்கிற இடத்தில் சந்தனம் தெளித்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். தனபாக்கியம் அக்கா ஒரு தூக்குவாளி நிறையக் கேசரியோடு வந்திருந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தார்.

"இதான் அந்தப் புள்ளையா? ஏங் கண்ணு, நான் போடற சோத்துக்கு இன்னும் கொஞ்சம் சதை புடிச்சிருக்கோணுமே."

மருதாசலம் அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். பையில் பேனா இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன அம்மிணி, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லைண்ணா."

"பம்பு எப்படி?"

"நல்லா இருக்குண்ணா."

அவிநாசி சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லையாம். முதலாளி மருதாசலம் அண்ணனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் தன் பக்கத்தில் அவர்தான் உட்கார வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

முள் ஏறவில்லை. அப்படியானால் நான்தான் தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 22, சனி

அவிநாசி சாலை மேடு இல்லை. கோத்தகிரிச் சாலை மேடு.

சம்பத் சாருடைய அறைக்குப் போனேன். போனில் இருந்தார். கதவருகே நின்றேன். போனை வாயிலிருந்து விலக்கி, "என்னம்மா?" என்றார்.

"பம்பு விஷயமா சார்."

"அவசரமா?"

அவசரமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல எனக்கு வருவதில்லை. விடுதியில் காய்ச்சலோடு கிடந்தபோதும் அப்படித்தான்.

"எதுவானாலும் திங்கக்கெழம பேசிக்கலாம்மா. நாளைக்கு வேல தலைக்கு மேல கெடக்குது," என்றார்.

"சரிங்க சார்."

மருதாசலம் அண்ணன் அரைநாள் லீவில் முடி வெட்டப் போயிருந்தார். அவர் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

துணி துவைத்தேன். போர்வையும். வெயில் நன்றாக அடித்ததால் சீக்கிரம் காய்ந்துவிட்டது. வண்டி காலையிலேயே கிளம்பியிருக்கும்.

மார்ச் 24, திங்கள்

வாசலிலேயே செக்யூரிட்டி சொன்னார்.

மலையில் பாதி ஏறியதும் முள் சரசரவென்று ஏறியிருக்கிறது. முன்னால் பஸ் ஒன்று வளைவில் நின்றுவிட்டதால் வண்டிகள் எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து போயிருக்கின்றன. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. ஓரங்கட்டினார்கள். புனேக்காரர்கள் பின்னால் வந்த ஜீப்பில் இருந்தார்கள். மருதாசலம் அண்ணன் பானெட்டைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் முள் கீழே இறங்கிவிட்டது என்று முதலாளி உள்ளேயிருந்து சொன்னார். ஆறிவிட்டது என்று நினைத்து அண்ணன் துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீர் டப்பாவின் மூடியைத் திருகினார்.

கொதிநீர் முகத்தில் அடித்துவிட்டது. முகம், கழுத்து, மார்பு. கண்கள்.

சூட்டை அளக்கும் இடத்தில் தண்ணீர் வற்றிவிட்டால் முள் கொதிப்பைக் காட்டாது. அது கீழே இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

பெஞ்சின் முன்னால் உட்கார்ந்து எட்டுப் பம்பு ஓட்டினேன். எல்லாம் சரியாக இருந்தன.

மார்ச் 25, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் வார்ப்புப் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

"கொதிக்கற வண்டியில எவனாச்சும் மூடியத் தொறப்பானா? சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்."

"பம்பு பண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு மூடி தொறக்கத் தெரியல போ."

சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. பயத்தில் சிரிக்கிற சிரிப்பு. புனேக்காரர்கள் அன்றைக்கே விமானம் ஏறிவிட்டார்கள்.

சம்பத் சார் பெஞ்சுக்கு வந்தார்.

"சனிக்கெழம என்னமோ சொல்ல வந்தியேம்மா?"

"லீவு கேக்க வந்தேன் சார். ஊருக்குப் போலாம்னு."

"பம்பு விஷயம்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"லீவுதான் சார்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா. சரி," என்று போய்விட்டார்.

மதியம் விடுதிச் சோறு.

மார்ச் 27, வியாழன்

அண்ணனுக்கு வலது கண் போய்விட்டது என்கிறார்கள். இடது கண் கட்டுப் பிரித்தால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விருப்பப்பட்டு உல்லாசமாகப் போன இடத்தில் நடந்தது, வேலை நேரத்தில் நடந்தது இல்லை என்று இன்ஷூரன்ஸுக்குக் கம்பெனியிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். புதுச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனார் என்பதும் அதற்கு ஒரு சாட்சி.

மார்ச் 28, வெள்ளி

வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. மேலே தண்ணீர் போகும் ரப்பர் குழாய் லேசாக வெடித்திருந்தது. "பாத்தீங்களா? ஹோஸ் பழசு. நம்ம பம்பு கல்லு மாதிரி இருக்குது," என்றார் முதலாளி. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பம்பைத் துடைத்துத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

குழாய் வெடித்தது சூட்டினால். சூடு வந்தது எதனால் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 29, சனி

இதே வண்டி வைத்திருக்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்களாம். அவர்களுக்கும் பம்பு கிடைப்பதில்லை. முதலாளி அவர்களிடம் பேசிவிட்டார். பத்துப் பம்பு வார்க்கச் சொல்லியிருக்கிறார். அச்சு தயார். செவ்வாய்க்கிழமை உலை.

"மருதாசலம் பேர் நிக்கட்டும்," என்று சொன்னாராம்.

பத்து வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒருவர் மூடியைத் திறப்பார்.

மார்ச் 30, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். பைக்குள் ஓட்டை விழுந்த இம்பெல்லரையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று பஸ்ஸில் போகும்போது எனக்குத் தெரியாது.

இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டு. கட்டுக்குக் கீழே மூக்கும் வாயும் மட்டும் தெரிந்தன. உதடு வீங்கியிருந்தது. தனபாக்கியம் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"கம்பெனிப் புள்ள வந்திருக்குதுங்க."

"அம்மிணியா? சாப்பிட்டயா?"

அதைத்தான் முதலில் கேட்டார். நான் தலையாட்டினேன். அவருக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. "சாப்பிட்டேண்ணா," என்றேன்.

"எல்லாரும் சிரிக்கறாங்கல்ல? மூடியத் தொறந்தவன்னு?"

"இல்லைண்ணா."

"சிரிப்பாங்க. நானே சிரிப்பேன். கை அவசரப்பட்டுருச்சு." மெதுவாக, உதடு வலிக்காமல் பேசினார். "ஆனாப் பம்பு நல்ல பம்பு. மொதலாளி போன்ல சொன்னாரு. பிரிச்சுப் பாத்தாங்களாம், ஒரு கோடு விழுகல. பத்து பண்றாங்களாம். கண்ணு போனாப் போவுது. அந்த ஒண்ணு போதும்னு இவகிட்டச் சொல்லிட்டிருந்தேன்."

"அதச் சொல்லித்தான் நேத்து கஞ்சியே குடிச்சாரு," என்றார் அக்கா.

நான் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தேன். ஒரு பழத்தை முழுதாக உரித்து, நார் எடுத்து, சுளைசுளையாகப் பிரித்துத் தட்டில் அடுக்கினேன். இன்னொன்றை எடுத்தேன். அக்கா, "போதுங் கண்ணு," என்றார்.

பைக்குள் கையை விட்டு இம்பெல்லரை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் கட்டைவிரல் முதலில் ஓட்டையைத்தான் கண்டுபிடித்தது.

"அட. இது நான் உனக்குக் குடுத்ததல்ல?"

பத்து நாளாக மனப்பாடம் செய்த வாக்கியம் எதுவும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"அண்ணா, வண்டியில பெல்ட் பம்பு மேல முதுகுப் பக்கமாப் போகுதுண்ணா."

அவர் விரல் ஒரு இறக்கையின் அடியில் ஆரம்பித்து நுனி வரை போனது. அடுத்த இறக்கை. அதற்கடுத்தது. பிறகு இம்பெல்லரை மார்புக்கட்டின் மேல் வைத்து வலமாக மெல்லத் திருப்பினார். நிறுத்தினார். இடமாகத் திருப்பினார். இடமாகத் திருப்பும்போது அவர் கை பாதியில் நின்றுவிட்டது.

"புல்லியில வரி இல்லைன்னு கேட்டயே," என்றார்.

"ஆமாண்ணா."

பக்கத்துக் கட்டிலில் யாரோ நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தோணி பெல்ட் மாட்டறப்ப நான் கை கழுவப் போயிட்டேன்."

"ஆமாண்ணா."

"டார்ச் புடிச்சது நீதானே அம்மிணி?"

தனபாக்கியம் அக்கா தம்ளரை எடுத்தார். "யாரு டார்ச் புடிச்சா என்ன இப்ப? தண்ணி குடிங்க. பேசிப் பேசி ஒதடு வெடிக்குது."

"ஆமாண்ணா," என்றேன்.

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். இம்பெல்லரைத் திருப்பித் தரவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

உலை பற்றவைக்கவில்லை.

காலையில் மருதாசலம் அண்ணன் முதலாளிக்குப் போன் செய்திருக்கிறார். அச்சை உடைக்கச் சொல்லியிருக்கிறார். "என்ற தப்புங்க. எறக்கைய மாத்தி வளைச்சுட்டேன். படுத்துட்டே யோசிச்சதுல தெரிஞ்சுது," என்று சொன்னாராம்.

படுத்துக்கொண்டே யோசித்ததில் தெரிந்தது என்று.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார், சம்பத் சாரையும் என்னையும். மேஜைமேல் அந்தப் பம்பு இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"பெஞ்சுல ஓட்டினது நீதானேம்மா? மாட்டறப்பவும் கூட இருந்திருக்கே. உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"தெரியும் சார்," என்றேன்.

"என்னம்மா? சத்தமாச் சொல்லு."

சம்பத் சார் முந்திக்கொண்டார். "டிரெய்னிதானுங்க சார் அது. அதுக்கென்னங்க தெரியும். மெஷின் என்ன காட்டுச்சோ அதச் சொல்லிருக்குது."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்னொரு முறை சொல்வதற்கு அவர் நேரம் கொடுத்தார். நிறைய நேரம் கொடுத்தார்.

"சரி, போம்மா," என்றார்.

ஏப்ரல் 2, புதன்

நிரந்தரம் செய்த உத்தரவு கொடுத்தார்கள். அப்பா போனில் பேசவே இல்லை, அழுதுகொண்டிருந்தார். பிறகு அம்மா வாங்கி, "சத்தம் போட்டுச் சொல்லுடி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கு, எல்லாரும் கேக்கறாங்க," என்றார். சொன்னேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறதாம். வெளிச்சம் மட்டும். ஆள் தெரியவில்லையாம்.

மதியம் வைண்டிங் பிரிவிலிருந்து செல்வி அக்கா பெஞ்சுக்கு வந்தார். மருதாசலம் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீடு. கையில் அந்த டப்பா இருந்தது. மூடியில் சின்னதாக நசுங்கல் இருக்கும், அதே டப்பா.

"தனபாக்கியம் குடுத்துவிட்டுது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறதுல இத்தன நாளா முடியலையாம். அவரு கேட்டுட்டே இருக்காராம், புள்ளைக்குச் சோறு போச்சான்னு. நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாராம்."

அரிசிம்பருப்புச் சோறு. ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். இன்னும் சூடாக இருந்தது.

முழுவதும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவித் துடைத்து செல்வி அக்காவிடம் கொடுத்தனுப்பினேன்.